மாரிக்கு மாறும் சக்கரம்

கேள்வி: ரொறன்ரோவிலிருக்கும் எங்கள் மருமகன், பனிக்காலம் வருமுன்னரே காரின் நான்கு ரயர்களையும் கழற்றிவிட்டு வேறு பூட்டுகிறாராம். காசுக் கொழுப்புத்தானே?

பதில்: குளிர் ஏழு பாகை செல்சியஸுக்குக் கீழே இறங்கியதும், சாதாரண ரயரின் றப்பர், முற்றத்துப் பாயில் காய்ந்த ஒடியல்போல இறுகி, வீதியைப் பற்றும் சக்தியை இழந்துவிடுகின்றது. அயல் மாகாணமாகிய கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை மாரி ரயரின்றி ஓடினால் அபராதம். ஒன்ராறியோவில் அச்சட்டம் இல்லையாதலால், உம்முடைய மருமகன் அஞ்சியது பொலிசுக்கன்று, பக்கத்து ஆசனத்தில் வீற்றிருக்கும் உம்முடைய மகளுக்கே. மேலும், 2016 முதல் அங்கே மாரி ரயர் பூட்டியவருக்குக் காப்புறுதிக் கட்டணத்தில் கழிவும் உண்டு. கொழுப்பு எங்கே, கணக்கல்லவா!

கேள்வி: எல்லாக் காலத்துக்கும் ஒன்றே போதும் என்றும் விற்கிறார்களாமே?

பதில்: சர்வரோக நிவாரணியும் சந்தையில் விற்கிறதே, வாங்கினீரா? ரயரின் பக்கவாட்டில் மூன்று சிகரமுள்ள மலையும் அதற்குள் ஒரு பனித்துகளும் பொறித்திருந்தால் அது பனியிலே பரீட்சை எழுதித் தேறியது. 'எம்', 'எஸ்' என்ற எழுத்துக்கள் மட்டுமிருந்தால், பரீட்சை எழுதாமலே பெற்ற பட்டம்.

கேள்வி: வல்வெட்டித்துறையாருக்குக் கடல் தெரியும், ரயரைப் பற்றி என்ன தெரியும்?

பதில்: இவ்வூரில் கட்டிய பாய்க்கப்பல் அன்னபூரணி, 1938இல் சக்கரமே இல்லாமல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்தாள். அதுவும் கோடையில்.