ஏஜென்ட் யார் பக்கம்?

கேள்வி: எங்கள் குடும்ப இன்சூரன்ஸ் ஏஜென்ட் தங்கமான மனுஷர். மகள் கல்யாணத்துக்கு அவர் சொல்கிற எண்டோமென்ட் பாலிசியையே போட்டுவிடலாமா?
- ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: தங்கமான மனுஷராகவே இருக்கட்டும். அவருக்குப் படியளப்பது நீங்களா, கம்பெனியா? இறந்தால் மட்டும் பணம் தரும் டெர்ம் பாலிசியில் பிரீமியம் கொஞ்சம். கையில் நிற்கும் கமிஷனும் கொஞ்சம். சேமிப்பும் சேர்ந்த எண்டோமென்ட்டில் பிரீமியம் பல மடங்கு. முதல் வருடக் கமிஷன்தான் கொழுத்த பங்கு. அதனால்தான் டெர்ம் என்றதும், "செத்தால்தானே சார் காசு?" என்று அபசகுனம்போலப் பேச்சை மாற்றிவிடுவார். ஓட்டல்காரரிடம் போய் 'வீட்டிலேயே சாப்பிட்டுவிடலாமா?' என்று யோசனை கேட்பீர்களா?

மியூச்சுவல் ஃபண்டிலும் இதே கதைதான். நுழையும்போதே இரண்டேகால் சதவீதம் வரை பிடித்துக்கொண்டிருந்ததை 2009 ஆகஸ்டில் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி நிறுத்தியது. 2013 ஜனவரியில் கமிஷன் இல்லாத டைரக்ட் பிளானும் வந்தது. ஆனால் ஏஜென்ட் மூலம் போடும் ரெகுலர் பிளானில் கமிஷன் இன்றும் வருடா வருடம் உங்கள் பணத்திலிருந்துதான் போகிறது. தனியாக பில் வராததால் வலிப்பதில்லை, அவ்வளவுதான்!

கமிஷன் வாங்குவது பாவமில்லை. இழவு வீட்டுக்கு வந்து கிளெய்ம் படிவம் நிரப்பித் தரும் ஏஜென்டுகள் உண்டு; கும்பிட வேண்டியவர்கள். எதற்கும் அடுத்த முறை வரும்போது, "இதில் உங்களுக்கு எவ்வளவு?" என்று சிரித்துக்கொண்டே கேளுங்கள். தொகையைச் சொன்னால் மேலே பேசலாம். "நமக்குள்ள என்ன சார்!" என்றால் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.