பட்டாளத்துப் பிறவிக்கூறு

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துப் பையன் பட்டாளத்தில் சேரப் போனால் பல், காது, கண், பாதம் என்று ஓர் இடம் விடமாட்டார்கள். பாதம் தட்டையா? போய் வா. முழங்கால் முட்டுகிறதா? போய் வா. ராஜபாளையம் நாய்க்குட்டி வாங்குகிறவர்கூட இவ்வளவு புரட்டிப் பார்ப்பதில்லை.

அதே ஆள் வலிப்பு வந்து திரும்பும்போது மட்டும் மருத்துவ வாரியத்துக்கு ஞானம் பிறக்கிறது: இது பிறவிக்கூறு, பணியால் வந்ததுமில்லை, பணியால் முற்றியதுமில்லை. ஆகவே ஊன ஓய்வூதியம் இல்லை.

அப்படி வலிப்போடும் ஓய்வூதியம் இல்லாமலும் திரும்பியவர்களில் ஒருவர் தரம்வீர் சிங். 1985-இல் சிக்னல் படையில் சேர்ந்தார். 1994-இல் 20 சதவீத ஊனத்தோடு அனுப்பினார்கள். சேரும்போது ஏட்டில் குறிக்காத நோய் அப்போது இல்லை என்றே கொள்ள வேண்டும், மறுத்து நிரூபிப்பது அரசின் பொறுப்பு என்று அவர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது 2013-இல். முதல் சோதனையில் ஏன் தெரியவில்லை என்று காரணம் எழுதும்படி அன்றைய விதியே கேட்டது. வாரியம் எழுதவில்லை. எழுதினால் முதலில் சோதித்த டாக்டரையல்லவா பிடிக்க வேண்டும்!

தீர்ப்புக்குப் பிறகும் வழக்குகள் ஓயவில்லை. ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வுக்குப் போக நம்மூர்க்காரருக்குப் பொதிகை எக்ஸ்பிரஸ் இருக்கிறது. மேல் பெர்த்தில் ஏறும்போது இடுப்பு பிடித்துக்கொண்டால், அதுவும் பிறவிக்கூறுதான்.