உயர்நிலைக் குழுவுக்குத் திருத்தணியிலிருந்து ஒரு பாராட்டு மடல்

பெறுநர்: உயர்நிலைக் குழு, மத்திய உள்துறை அமைச்சகம், புதுதில்லி.
பொருள்: புயல் போன பிறகு புயல் செலவு கேட்பது தொடர்பாக.

மதிப்பிற்குரியீர்,

எங்கள் மலைக்கு 365 படி, நாளுக்கொன்று. ஃபெஞ்சல் புயல் கரை கடந்தது 2024 நவம்பர் 30. இடைக்கால நிவாரணமாக முதல்வர் 2,000 கோடி கேட்டு எழுதினார். தாங்கள் 522.34 கோடிக்கு ஒப்புதல் தந்தது 2025 ஏப்ரல் 5. ஆக, 126ஆம் படி. பாதி மலை ஏறுவதற்குள் கால்வாசிப் பணத்தை நீட்டிய வேகத்தைப் பாராட்டவே இம்மடல்.

டிசம்பரிலேயே 944.80 கோடி தந்தோமே என்பீர்கள். வந்தது. அது மாநிலப் பேரிடர் நிதியில் அந்த ஆண்டுக்கான மத்தியப் பங்கு. மாதச் சம்பளத்தைத் தீபாவளி இனாம் என்று கணக்கெழுதும் முதலாளிகளை நாங்களும் பார்த்திருக்கிறோம்.

புயலடிக்கும் இரவில் ஒரு நகராட்சிக்கு உங்கள் விதிமுறைப் புத்தகத்தைப் புரட்ட நேரமிருக்காது. ஜேசிபிக்காரர் விடிந்ததும் வாடகை கேட்பார். டீசல் மோட்டார், மரம் அறுக்கிற மிஷின், பிளீச்சிங் பவுடர், முகாமுக்குச் சாம்பார் சாதம் எல்லாமே அன்றைக்கே காசு. உங்கள் நிவாரண விதியோ உடைந்த சாலை, பாலங்களை ஒட்டுப்போட மட்டும் தரும். வெள்ளத்தில் போன தரைப்பாலத்தை உயர்த்திக் கட்டினால் அது வளர்ச்சிப் பணியாம், பேரிடரில் சேராதாம். அதனால் பள்ளிப்பட்டுப் பக்கம் பெருமழை பெய்தால் தரைப்பாலங்கள் தவறாமல் மூழ்கி உங்கள் விதியைக் காப்பாற்றுகின்றன.

மூழ்கடிக்கும் தண்ணீர் ஆந்திரத்துக் கிருஷ்ணாபுரம் அணையிலிருந்து வருவது. ஷட்டரைத் தூக்கினால் போதும், மாநிலம் நிதி கேட்டு எழுதும் மெமோராண்டம் இல்லாமல், அதை உங்கள் துணைக்குழு பார்க்காமல், எல்லை தாண்டிக் கொசஸ்தலை ஆற்றில் வந்துவிடும்.

எல்லை என்றதும் நினைவு வருகிறது. 2025 பிப்ரவரியில் ஐந்து மாநிலங்களுக்கு 1,554.99 கோடி ஒதுக்கினீர்கள். ஆந்திரத்துக்கு 608.08 கோடி. (அவர்களும் முந்தைய ஆண்டு வெள்ளத்துக்காகக் காத்துக் கிடந்தவர்கள்தான், பாவம்.) பட்டியலில் தமிழ்நாடு இல்லை. 1960 மார்ச் 31 வரை நாங்கள் சித்தூர் மாவட்டம். வடக்கெல்லைப் போராட்டத்தில் ம.பொ.சி. சிறைக்கெல்லாம் போய் எங்களை இந்தப் பக்கம் சேர்த்ததில் எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனாலும் அந்தப் பிப்ரவரியில் ஊரில் தெலுங்கு கொஞ்சம் சரளமாகிவிட்டது.

அந்த 365 படிகளில்தான் டிசம்பர் 31 இரவு படித்திருவிழா. ஆங்கிலப் புத்தாண்டன்று எலுமிச்சம்பழத்தோடு வெள்ளைக்காரத் துரையைப் பார்க்க ஓடியவர்களை முருகன் பக்கம் திருப்ப வள்ளிமலைச் சுவாமிகள் தொடங்கியது என்பார்கள். துரைகள் போய்விட்டார்கள். இப்போது எலுமிச்சம்பழம் இருக்கவேண்டிய கையில் மெமோராண்டம் இருக்கிறது.

ஒரே ஒரு விண்ணப்பம். மத்தியக் குழுவைத் தண்ணீர் வடிந்த பின் அனுப்பாதீர்கள். "இதோ, இவ்வளவு உயரம் நின்றது" என்று காய்ந்த சுவரில் கை வைத்து நடித்துக் காட்டி எங்களுக்கு அலுத்துவிட்டது. மழையிலேயே வரட்டும். முகாமில் படுக்க இடம் தருகிறோம், சாம்பார் சாதமும் உண்டு. அதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று அவர்களே சொல்லிவிட்டால் நல்லது.

தில்லியிலிருந்து சென்னைக்கு வந்த பணம் அங்கிருந்து ஒரு நகராட்சிக்கு இறங்க எத்தனை மேஜை தாண்டுகிறது என்று கோட்டைக்கும் தனியாக எழுதிக்கொண்டிருக்கிறேன். அதன் நகல் வேண்டுமானால் முதலில் உங்கள் கைக்காசில் ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். ரசீதை மூன்று பிரதிகளில் அனுப்பினால் பரிசீலிக்கிறேன்.

இப்படிக்கு,
திருத்தணி நகராட்சிக்குச் சொத்துவரி கட்டும் ஒருவன்