கட்டிலும் பைக்கும்

கீழத்தஞ்சையில் எங்கள் ஊர்ப் பக்கம் பாம்புக்கு அடுத்த பயம் கதண்டு என்கிற பெரிய குளவிக்குத்தான். தேனீ ஒரு முறை கொட்டினால் கொடுக்கு நம் தோலிலேயே தங்கிவிடும். கதண்டுக்கு அந்தத் தடை கிடையாது. ஒன்றே பல முறை கொட்டும்.

எழுபதுகளின் கடைசியில், ஒரு கோடையில், நுங்கு வெட்டப் பனை ஏறிய சித்தப்பாவைக் கொட்டிவிட்டது. கழுத்திலும் காதோரத்திலும் கடி. அப்பாயி வெற்றிலைப் பெட்டியைத் திறந்து சுண்ணாம்பைப் பூசினாள். ஒருவர் அரிவாளின் இரும்பைத் தேய்த்தார், ஒருவர் வெங்காயத்தை நசுக்கி வைத்தார், மந்திரிக்கிறவரை அழைத்துவர ஒரு பையன் ஓடினான். அதற்குள் உடம்பெல்லாம் தடிப்பு எழும்பி, உதடு வீங்கி, குரல் கம்மி, “அண்ணே, தல சுத்துது” என்று அப்பா மேல் சாய்ந்துவிட்டார்.

வண்டி எதுவும் இல்லை. கயிற்றுக் கட்டிலில் கிடத்தி நாலு பேர் வரப்போடு தூக்கிக்கொண்டு போனார்கள். டாக்டர் கொதிநீரிலிருந்து கண்ணாடி சிரிஞ்சை எடுத்து, சின்ன ஆம்பூல் ஒன்றை உடைத்து ஊசி போட்டார். கொஞ்ச நேரத்தில் சித்தப்பா தண்ணீர் கேட்டார். ஊரார் அதை டாக்டரின் கைராசி என்றார்கள்.

மருந்தாளுநர் வேலைக்குப் போன பிறகு, அந்த ஆம்பூலில் இருந்தது என்னவென்று அதே டாக்டரிடம் கேட்டேன். அட்ரினலின். ஜோகிச்சி தகாமினே என்ற ஜப்பானியர் 1901-லேயே பிரித்தெடுத்த மருந்து. தீவிர ஒவ்வாமையில் ரத்தக் குழாய்கள் தளர்ந்து, அவற்றிலிருந்து நீர் கசிந்து, ரத்த அழுத்தம் சரிகிறது; தொண்டை வீங்குகிறது, மூச்சுக்குழல் இறுகுகிறது. இத்தனையையும் ஒருசேரத் திருப்புகிற மருந்து அது. அன்றைக்குச் சித்தப்பாவைக் காப்பாற்றியதில் கட்டிலுக்கும் பங்கு உண்டு. அழுத்தம் சரிந்தவரைப் படுக்கவைத்தால்தான் இதயத்துக்கு ரத்தம் திரும்பும். எழுப்பி உட்காரவைத்ததும், நிற்கவைத்ததும் உயிர் போனவர்கள் உண்டு. வேறு வழியில்லாமல் செய்தது சரியான சிகிச்சையாக அமைந்துவிட்டது.

சென்ற ஆண்டு தங்கை மகனைக் கதண்டு கொட்டியது. இப்போது ஊருக்குத் தார்ச்சாலை இருக்கிறது, 2008-லிருந்து 108 இருக்கிறது. ஆனால் கூட்டாளிகள் பதறிப்போய் அவனை பைக்கில் நடுவில் உட்காரவைத்து, தலை தொங்கத் தொங்கக் கொண்டுபோனார்கள். பக்கத்து ஊர் கிளினிக்கில் அவில் என்ற ஒவ்வாமை மருந்து போட்டார்கள், டெக்கா என்ற ஸ்டீராய்டு போட்டார்கள், ஒரு பாட்டில் டிரிப் ஏற்றினார்கள். தடிப்பு அடங்கியது, வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ராத்திரி மறுபடியும் தடிப்பு, இந்த முறை இழுப்போடு. இப்படி இரண்டாம் அலையாகத் திரும்புவது தெரிந்த விஷயம்தான். அதற்காகத்தான் சில மணி நேரமாவது கண்காணிப்பில் வைக்கச் சொல்கிறார்கள். 108-ல் தாலுகா ஆஸ்பத்திரிக்குப் போன பிறகுதான் தொடையில் அட்ரினலின் ஏறியது. பிழைத்துக்கொண்டான்.

எனக்கு இன்னும் ஆறவில்லை. அவில் அரிப்பையும் தடிப்பையும் குறைக்கும், சரிகிற அழுத்தத்தை நிறுத்தாது. டெக்கா வேலைசெய்யப் பல மணி நேரம் ஆகும். அப்பாயியின் சுண்ணாம்பு தோலுக்கு அடியில் இறங்கிய விஷத்தைத் தொடவில்லை. அவளுக்கு வேறு மருந்து தெரியாது. மருந்து படித்தவர்களோ, மலிவான அந்த ஆம்பூல் அவசர டிரேயில் இருக்கும்போதே, “இதயத்துக்கு ஆகாது” என்று அதைத் தள்ளி வைக்கிறார்கள். பெரியவர்களுக்கு அரை மில்லி, குழந்தைகளுக்கு எடைக் கணக்கில், தொடையின் வெளிப்பக்கத் தசையில். ஐந்து நிமிடத்தில் தெளிவில்லையென்றால் இன்னொரு தடவை. இந்த அளவில், தசையில் போடுவதற்கு அஞ்ச வேண்டியதில்லை. தாமதத்துக்குத்தான் அஞ்ச வேண்டும்.

எல்லாக் கடிக்கும் இந்த ஓட்டம் தேவையில்லை. கொட்டிய கை மட்டும் வீங்கினால், இரண்டாம் நாள் வீக்கம் கூடினாலும், ஐஸ் ஒத்தடமும் செட்டிரிசினும் போதும். தேனீக் கொடுக்கு தெரிந்தால் நகத்தாலோ எதாலோ உடனே எடுத்துவிட வேண்டும். எப்படி எடுக்கிறோம் என்பதைவிட எவ்வளவு சீக்கிரம் என்பதே முக்கியம். கூட்டமாகக் கொட்டியிருந்தால் கதை வேறு. ஒவ்வாமையே இல்லாவிட்டாலும் விஷத்தின் அளவே சிறுநீரகத்தைக் கெடுக்கும். சிறுநீர் கறுத்துப் போனால் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை அவசியம்.

கிளினிக் சீட்டில் ‘பூச்சிக்கடி’ என்று மட்டும் எழுதியிருந்தது. நான் வேறொரு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதினேன்: கதண்டு விஷத்துக்குத் தீவிர ஒவ்வாமை, படுக்கவைக்கவும், முதலில் தொடையில் அட்ரினலின். லேமினேட் செய்து அவன் பர்ஸில் வைத்திருக்கிறேன். இன்னொரு பிரதி, அவனை பைக்கில் ஏற்றிப்போன கூட்டாளிகளிடம் இருக்கிறது. அதன் பின்பக்கம் தெருக்கோடி வேன்காரரின் போன் நம்பர்.