ஐம்பத்திரண்டாம் பிரிவுக்கு ஒரு பாமாலை

தகடூர் அதியமானுக்காகத் தூது போன ஔவை, தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைச் சுற்றிப் பார்த்து, அதன் பளபளப்பை வாயாரப் பாராட்டிவிட்டுத் திரும்பினார். அதன்பிறகு, தொப்பூர்க் கணவாய்க்கு இந்தப் பக்கம் வாழும் சேலத்தாரும் நாமக்கல்லாரும் ஓர் அரசாங்க ஏற்பாட்டை அந்த அளவுக்கு மனங்குளிரப் புகழ்ந்ததாகத் தெரியவில்லை. டோல்கேட்டைத் திட்டுவார்கள், டீசல் விலையைத் திட்டுவார்கள், முட்டை விலை இறங்கினால் எல்லாரையும் திட்டுவார்கள். புகழத்தான் ஆளில்லை. அந்தக் குறையைத் தீர்க்க எனக்கு அகப்பட்ட தெய்வம், 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு.

எவ்வளவு எளிமையான பிரிவு! வண்டியைச் செய்த கம்பெனி என்ன குறிப்பிட்டதோ, அதிலிருந்து ஆர்.சி. விவரம் பிறழும்படி உரிமையாளர் எதையும் மாற்றக் கூடாது. அவ்வளவுதான். 2000ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்த இந்த ஏற்பாட்டை, கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் ஐயத்துக்கு இடமில்லாமல் உறுதி செய்துவிட்டது. மாற்றிய வண்டி வளைவில் நிற்குமா, பிரேக் போட்டால் எத்தனை அடியில் நிற்கும், எதிரே வருகிறவன் கண் கூசுமா என்றெல்லாம் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. கம்பெனி கொடுத்தபடி இருக்கிறதா? இருந்தால் ஓடலாம். இல்லாவிட்டால் ஓடக் கூடாது. ‘பத்திரமா?’ என்ற கடினமான கேள்வியை ‘பழையபடியா?’ என்ற சுலபமான கேள்வியாக மாற்றிக் கொடுத்த மேதைமைக்கு ஈடேது?

இந்தப் பிரிவின் அருமை மற்ற ஊர்க்காரர்களைவிட எங்களுக்குத்தான் நன்றாகப் புரிய வேண்டும். நாமக்கல்லுக்கு மொட்டைச் சேஸிஸாக வந்த லாரி, சில வாரத்தில் பாடி கட்டி, பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்து, நெற்றியில் சாமி பெயரோடு பட்டறையை விட்டு வெளியே போகும். கேஸ் டேங்கரா, நாமக்கல். போர்வெல் ரிக்கா, திருச்செங்கோடு. கம்ப்ரஸரையும் துளை போடும் கோபுரத்தையும் லாரியின் முதுகில் ஏற்றி, அதை ராஜஸ்தான் பாறை வரை ஓட்டிப்போய் வேலை பார்த்துவிட்டு வருகிற ஊர் அது. இப்படிக் கை துறுதுறுக்கும் மனிதர்கள் வாழும் சமவெளியில், காரின் பானட்டில் ஓர் ஓட்டை போட யாருக்கும் வழியில்லாமல் செய்திருக்கிறார்கள் என்றால், இந்த மண்ணின் திறமையை எவ்வளவு சரியாக எடைபோட்டு வைத்திருக்கிறார்கள்!

ஒரு தம்பியைக் கற்பனை செய்துகொள்வோம். திருச்செங்கோட்டுக்காரர். டி.என். 34 எண்ணில் பழைய மிட்சுபிஷி லான்சர் வைத்திருக்கிறார். இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1998 முதல் நம் திருவள்ளூர் ஆலையில் செய்த அதே கார். ஜப்பானில் இதே கூட்டுக்குள் டர்போ இன்ஜினை வைத்து ‘எவலூஷன்’ என்று பெயரிட்டார்கள். பின்லாந்துக்காரர் டோம்மி மாக்கினென் அந்த வரிசைக் கார்களை ஓட்டி, 1996 முதல் 1999 வரை தொடர்ந்து நான்கு முறை உலக ராலிச் சாம்பியன் ஆனார். தம்பியின் கார் 1.5 லிட்டர் பெட்ரோல். மாக்கினெனின் வேகம் இதற்கு வராது என்று அவருக்கும் தெரியும். பார்ப்பதற்காவது அப்படி இருக்கட்டும் என்பதுதான் ஆசை.

பட்டறைகள் பக்கத்திலேயே இருப்பதால் வேலை நன்றாகவே நடக்கிறது. ஃபைபர் பம்பர், பானட்டில் காற்றிழுக்கும் வாய், டிக்கி மேல் விங், முகப்பில் நான்கு கூடுதல் விளக்கு, அகலமான சக்கரம், பெரிய எக்ஸாஸ்ட், பின்சீட்டைக் கழற்றிவிட்டு அங்கே இரும்புக் குழாய்க் கூண்டு. மேலே சிவப்புப் பெயிண்ட். இப்போது தம்பி நேர்மையானவர் என்பதுதான் கதையின் சிக்கல். அவர் அனுமதி வாங்கப் போகிறார். அலுவலகத்து வாசலில் விவரம் தெரிந்த ஒருவர் அகப்படுகிறார்.

“ஏனுங்ணா, இதுக்குப் பர்மிஷன் வாங்கோணும்னா எந்த ஃபாரம் எழுதிக் குடுக்கறதுங்க?”

“ஃபாரம் இருக்குதுங்க தம்பி. கேஸ் கிட் மாட்டுனா எழுதலாம், கலர் மாத்துனா எழுதலாம். உங்க வண்டிய எழுதறதுக்குத்தான் அதுல எடமில்லீங்க. ஆர்.சி. ரினீவலுக்கு வர்றப்ப எல்லாத்தையும் கழட்டி வெச்சுட்டு, பழைய பம்பரை மாட்டிட்டு வாங்க. அப்புறம் ஊட்டுக்குப் போயி திருப்பி மாட்டிக்கங்க.”

இந்த அறிவுரையில் எவ்வளவு தொலைநோக்கு! வண்டியைச் சட்டத்துக்கு ஏற்றபடி செய்யச் சொல்லவில்லை. சட்டம் பார்க்கும் அரைமணி நேரத்துக்கு ஏற்றபடி செய்யச் சொல்கிறார். பதினைந்து ஆண்டு தாண்டிய காருக்கு மறுபதிவுக் கட்டணத்தை 2022 ஏப்ரலில் 5,000 ரூபாய் ஆக்கினார்கள். அதோடு கழற்றி மாட்டுகிற கூலி. பட்டறைக்காரருக்கும் பிழைப்பு, அரசுக்கும் வருவாய்.

தம்பி கேட்கவில்லை. முறைப்படிதான் போவேன் என்கிறார். முறை இருக்கிறது, இல்லையென்று யார் சொன்னது? மத்திய மோட்டார் வாகன விதி 126இன்படி, புது மாடல் செய்கிறவர் முன்மாதிரி வண்டியை அங்கீகரிக்கப்பட்ட சோதனை நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். புனேயில் ஏ.ஆர்.ஏ.ஐ., மானேசரில் ஐகேட், நம் ஒரகடத்திலேயே ஜி.ஏ.ஆர்.சி. எல்லாம் உலகத் தரம். ஆனால் அந்த விதி பேசுவது உற்பத்தியாளரிடமும் இறக்குமதியாளரிடமும்தான். ஆயிரக்கணக்கில் செய்யும் கம்பெனி, ஒரு காரைச் சுவரில் மோதவிட்டுச் சான்றிதழ் வாங்கி, மிச்சத்தை விற்கும். முன்மோதல், பக்கமோதல் சோதனைகள் 2017 அக்டோபரிலிருந்து புது மாடல்களுக்குக் கட்டாயம். தம்பியிடம் இருப்பது ஒரே கார். மோதவிட்டால் சான்றிதழ் கிடைக்கலாம், கார் மிஞ்சாது. இரண்டில் எது வேண்டும் என்று குடிமகனே முடிவு செய்துகொள்ளும் சுதந்திரத்தை இப்படி விட்டுவைத்திருக்கிறார்கள்.

52ஆம் பிரிவு கல்நெஞ்சம் படைத்தது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அதன் இரண்டாம் உட்பிரிவைப் படித்தால் கண் கலங்கும். பத்து போக்குவரத்து வண்டிகளுக்குக் குறையாமல் வைத்திருப்பவர், பதிவு அதிகாரியின் ஒப்புதல் இல்லாமலேயே தன் வண்டியில் அதே வகை இன்ஜினை மாற்றிக்கொள்ள மாநில அரசு அனுமதிக்கலாம். பத்து லாரிக்காரருக்கு நம்பிக்கை, ஒரு கார்க்காரருக்குக் கண்டிப்பு. குறிப்பிட்ட நோக்கத்துக்காக வேறு மாற்றங்களுக்கும் விலக்களிக்கலாம் என்று ஒரு வரி உண்டு. அதைத் தரவேண்டியது மத்திய அரசு. திருச்செங்கோட்டுப் பம்பர் ஒன்றுக்காக டெல்லி யோசிக்க வேண்டும். கூட்டாட்சி என்பது இதுதான்.

கருணைக்கு இன்னும் இரண்டு சான்று சொல்லலாம். வெளிநாட்டில் தரச் சோதனை தேறிய கார்களை, ஒரு கம்பெனி ஆண்டுக்கு 2,500 வரை, இங்கே மறுபடி சோதிக்காமலே இறக்குமதி செய்யலாம் என்று 2018இல் விதி வந்தது. கோடி ரூபாய்க் காருக்கு வெளிநாட்டுச் சான்றிதழ் போதும். வேலைத்திறன் வெள்ளைக்காரன் கையெழுத்தில் வரும்போது நமக்குச் சந்தேகமே வராது. 2021இல் வின்டேஜ் விதி வந்தது. 50 ஆண்டு தாண்டிய வண்டிக்கு 20,000 ரூபாய் கட்டினால் ‘வி.ஏ.’ என்ற தனி எண்ணே தருவார்கள். தம்பியின் 1998 லான்சருக்கு அந்தத் தகுதி 2048இல் வந்துவிடும். ஆனால் மூல வடிவம் மாறியிருக்கக் கூடாது என்பது அங்கும் நிபந்தனை. ஆகவே 2048இலும் வழியில்லை. இன்றைக்கே சொல்லிவிட்டார்கள், ஐம்பது ஆண்டு காத்திருந்து ஏமாறும் கொடுமை தம்பிக்கு இல்லை.

இனி, சட்டத்தின் கண் எங்கே கூர்மை, எங்கே கனிவு என்று சாலையில் பார்ப்போம். சேலத்திலிருந்து நாமக்கல்லுக்கு 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் போகிறீர்கள். பின்னால் ஒரு பஸ், ஏர் ஹாரனில் சினிமாப் பாட்டே வாசித்துக்கொண்டு வருகிறது. பல சுரம் எழுப்பும் ஹாரனை விதி 119 தடுக்கிறது என்பதால், எப்போதாவது ஒரு வாரம் ஹாரன் ஒழிப்பு நடக்கும். பறித்தவற்றைக் குவித்துப் படம் எடுப்பார்கள். அடுத்த வாரம் புதுப் பாட்டு. அடுத்து, கட்சிக் கொடி கட்டிய ஓர் உயரமான வண்டி. கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம். 2012இல் உச்ச நீதிமன்றம் கூடாதென்றது. முகத்தில் இரும்பு கிராஷ் கார்டு. 2017 டிசம்பரில் மத்திய அமைச்சகம் கூடாதென்று மாநிலங்களுக்கு எழுதியது. இரண்டையும் சுமந்துகொண்டு அந்த வண்டி சைரன் இல்லாத குறை ஒன்றைத் தவிர நிறைவாகப் போகிறது. இருட்டியதும் மோகனூர்ப் பக்கம் திரும்பினால், பின்விளக்கும் ஒளிர்பட்டையும் இல்லாமல் கரும்பு டிராக்டர், சாலையின் அகலத்தை எல்லாம் தனதாக்கிக்கொண்டு நகரும். இவர்களுக்கெல்லாம் நடுவே சிவப்பு லான்சர் ஒன்று வந்தால், எத்தனை தொலைவிலிருந்தும் அதிகாரியின் கண்ணில் பட்டுவிடும். அது சிவப்பாக இருப்பது ஒரு காரணம். தனியாள் ஓட்டுவது இன்னொரு காரணம்.

பிரிட்டிஷாரைப் பார்த்தால்தான் பாவமாக இருக்கிறது. வீட்டுக் கொட்டகையில் கார் கட்டுகிறவனுக்கும் அங்கே வழி விட்டிருக்கிறார்கள். தனி வாகன ஒப்புதல் என்ற சோதனை 2009 முதல் இருக்கிறது. ஒரே ஒரு வண்டியை ஓர் ஆய்வாளர் மணிக்கணக்கில் தடவிப் பார்த்து, பிரேக், விளக்கு, சத்தம், புகை, கூரான விளிம்பு என்று கையேட்டை வைத்துக்கொண்டு சோதிப்பார். தேறாவிட்டால் குறைகளை எழுதித் தருவார். சரிசெய்துகொண்டு திரும்ப வரலாம். பெரிதாக உருமாற்றிய கார் பழைய எண்ணை வைத்துக்கொள்வதற்குப் புள்ளிக் கணக்குகூட வைத்தார்கள்: மாறாத சேஸிஸுக்கு 5, சஸ்பென்ஷனுக்கு 2, இன்ஜினுக்கு 1 என்று கூட்டி, 8 வந்தால் சரி. எவ்வளவு வேலை! ஒவ்வொரு வண்டியையும் பார்க்க வேண்டும், காரணம் சொல்ல வேண்டும், கையெழுத்துப் போட வேண்டும். பொறுப்பு யாருக்கும் சேராதபடி ஒரே வரியில் முடித்த நம் நாட்டின் நிம்மதி அவர்களுக்கு வாய்க்கவில்லை.

சோதித்தால் சில சங்கடமான உண்மைகளும் வெளியே வந்துவிடும். தம்பியின் கூண்டையே எடுத்துக்கொள்ளுங்கள். கார் உருண்டால் கூரை நசுங்காமல் காக்கும் குழாய்தான். ஆனால் ஹெல்மெட் இல்லாமல் ஓட்டினால் சின்ன மோதலிலும் மண்டையைப் பிளக்கும். அகலச் சக்கரம் பிடிப்பைக் கூட்டலாம். தப்பாகப் பொருத்தினால் மட்கார்டில் உரசும். நான்கு விளக்கில் எதிரே வருகிற மொபெட்காரர் கண் போய்விடும். மூடி போட்டால் போகாது. ஆக, தம்பி செய்ததில் சில நல்லது, சில கெட்டது. இதை எல்லாம் பிரித்துப் பார்க்க ஆரம்பித்தால் சட்டம் வளரும், அறிவு வளரும், வேலையும் வளரும். ஏழு மாற்றமும் குற்றம், எடு அபராதம் என்பதில் இருக்கும் அமைதி அதில் வராது. 2019 திருத்தம் மாற்றியமைத்த 182ஏ பிரிவின்படி, மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். பம்பர், பானட், விங், விளக்கு, சக்கரம், எக்ஸாஸ்ட், கூண்டு: 35,000 ரூபாய். மனிதனைக் காக்கும் மாற்றத்துக்கும் மாய்க்கும் மாற்றத்துக்கும் ஒரே விலை. சமத்துவத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது.

ராலி உலகத்துக்கே இதில் பாடம் உண்டு. அங்கே பந்தயக் கார் ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குப் பொதுச் சாலையில்தான் போகும். நம்பர் பிளேட் மாட்டி, இன்டிகேட்டர் போட்டு, ஊர் வேகக் கட்டுப்பாட்டுக்கு அடங்கிப் போகும். மாக்கினென் காலத்து ‘குரூப் ஏ’ விதியோ, பந்தயத்துக்கு வரும் கம்பெனி அதே மாதிரிக் காரை 2,500 செய்து காட்ட வேண்டும் என்றது. பந்தயத்துக்காகவே தெருக்காரைச் செய்தார்கள். அசலுக்கு அங்கே சாலை உண்டு. நகலுக்கு இங்கே இல்லை. பந்தய ஆசை இருந்தால் இருங்காட்டுக்கோட்டைத் தடமும் கோவை செட்டிபாளையத்துக் கரி ஸ்பீடுவேயும் இருக்கின்றன. காரை லாரியில் ஏற்றிக்கொண்டு போகலாம். லாரிக்கு நாமக்கல்லில் என்ன பஞ்சம்?

கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு, ஏற்காட்டுக்கு 20. அங்கே கம்பெனி கொடுத்த பம்பரோடு போய் நின்று படம் எடுத்துக்கொள்ளும்படி தம்பியைக் கேட்டுக்கொள்கிறேன். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்துக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. ஒரு வண்டியை ஓர் ஆய்வாளர் ஒருநாள் சோதித்து, ‘இது இருக்கலாம், இதைக் கழற்று, இதைச் சரிசெய்’ என்று எழுதிக் கொடுத்து, நியாயமான கட்டணம் வாங்கிக்கொள்ளும் விதி ஒன்றை ஒரகடம் வரை வந்த நாடு நாளைக்கே எழுதிவிட முடியும். அப்படி எழுதிவிட்டால், மேலே நான் பாடிய புகழ் அத்தனையும் பொய்யாகிப் போகும். என்னைப் பொய்யனாக்க வேண்டும் என்று அமைச்சகத்தைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.