ஆமை புகுந்த ஸ்டூடியோ

1965இல் ஜப்பானின் டாயெய் நிறுவனம் கமேரா என்ற ராட்சத ஆமையைத் திரைக்குக் கொண்டுவந்தது. கால்களை ஓட்டுக்குள் இழுத்துக்கொள்ளும். அந்தப் பொந்துகளில் நெருப்பு சீறும். சங்குசக்கரம் போலச் சுழன்றபடியே பறக்கும். தலை சுற்றாதா என்று கேட்பவர்கள் வேறு படம் பார்க்கலாம்.

காசு வற்ற வற்றக் கற்பனை ஊறியது. 1968 படத்தில் பழைய சண்டைகளையே வெட்டி ஒட்டி நேரத்தை நிரப்பினார்கள். கேட்டால், வேற்றுக்கிரக வில்லன்கள் ஆமையின் நினைவுகளை அலசுகிறார்களாம்! அடுத்த ஆண்டுப் படத்தில் வந்த கிரோன் என்ற எதிரி மிருகத்துக்குத் தலையே வெட்டுக்கத்தி. எதிரே வந்த மிருகத்தை அது சாவகாசமாகத் துண்டு போடும். கமேராவோ சண்டைக்கு நடுவே கம்பியைப் பிடித்துக் கரணம் அடிக்கும். இரண்டாய்ப் பிளந்த விண்கலத்தை வாய்நெருப்பால் வெல்டிங்கும் வைக்கும். கூலி கேட்டதாகத் தெரியவில்லை.

1971இல் டாயெய் திவாலானது. ஆமை புகுந்த வீடு அப்படித்தான் என்று நம்மவர்கள் தலையாட்டக்கூடும், அபாண்டம். இன்றைய கணினி மிருகங்கள் செதில் செதிலாக மிரட்டட்டும். ஆள் புகுந்து ஆடும் ரப்பர் உடையின் முதுகில் ஜிப் எங்கே என்று தேடும் சுகத்தை அவற்றால் தர முடியுமா?