தயவுசெய்து சொல்லிக் கொடுத்துவிடாதீர்கள்

மேற்கு வங்க அரசின் நுகர்வோர் விவகாரத் துறைக்கு,

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வாங்குபவருக்கு ஆறு உரிமைகளைக் கொடுத்திருக்கிறது. ஆறாவது, நுகர்வோர் விழிப்புணர்வு பெறும் உரிமை. மற்ற ஐந்தும் தனக்கு இருக்கின்றன என்று ஒருவர் தெரிந்துகொள்ள வழி செய்வது இதுதான். என் கவலையெல்லாம் இந்த ஆறாவதைப் பற்றியே. முதல் ஐந்தும் சட்டப் புத்தகத்தில் இருக்கிறவரை யாருக்கும் தொந்தரவில்லை. ஆறாவதை நீங்கள் மெய்யாகவே நிறைவேற்றத் தொடங்கினால் கொல்கத்தாவின் கடைத்தெரு அமைதி கெட்டுப்போகும். நல்லவேளையாக, இந்த நாட்டில் விழிப்புணர்வு என்பது பெரும்பாலும் மார்ச் 15, டிசம்பர் 24 ஆகிய இரண்டு நுகர்வோர் தினங்களிலும் மேடையேறி, மாலை வாங்கிக்கொண்டு இறங்கிவிடுகிறது. மத்திய அரசும் 2005 முதல் ‘ஜாகோ கிராஹக் ஜாகோ’, வாங்குபவரே விழித்தெழுங்கள், என்று விளம்பரங்களில் குரல் கொடுத்து வருகிறது. அதன் அடியில் 1915 என்ற உதவி எண் வரும். யாராவது பேனா தேடி எடுப்பதற்குள் சோப்பு விளம்பரம் வந்துவிடும். இந்த ஏற்பாடு அப்படியே தொடர வேண்டும் என்று கேட்டுக்கொள்ளத்தான் இந்தக் கடிதம்.

சொல்லிக் கொடுத்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். வங்காளிகளின் ஆண்டுக் கடைசி மாதமான சைத்ரத்தில் கொல்கத்தாவின் கரியாஹாட் நடைபாதையில் கால் வைக்க இடமிருக்காது. தள்ளுபடிச் சேலைகள் மலையாகக் குவிந்திருக்கும். பில் கிடைப்பதே பெரிய விஷயம். கிடைத்தாலும் அதன் அடியில் ‘விற்ற சரக்கு திரும்பப் பெறப்படாது’ என்று அச்சிட்டிருந்தால் அதை வேத வாக்காக எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறவர்கள்தான் நம் மக்கள். சட்டமோ வேறு மாதிரி பேசுகிறது. பில் கொடுக்க மறுப்பதே முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் சொல்லாவிட்டால் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற்றுப் பணத்தைக் கொடுக்க மறுப்பதும் அப்படியே. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகாருக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. இதையெல்லாம் விட ஆபத்தானது ஒன்று உண்டு. வாங்கியவர் தாம் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். மேதினிபூரிலிருந்து வந்து சேலை வாங்கிப் போன பெண்மணிக்கு இது தெரிந்தால், கரியாஹாட் கடைக்காரர் மேதினிபூர் ஆணையத்துக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். தேவையா இது?

நான் மிகைப்படுத்துவதாக நினைத்தால், சட்டம் தெரிந்த ஒரே ஒரு ஆள் என்ன செய்தார் என்பதை உங்கள் நகரமே பார்த்திருக்கிறது. 1998இல் அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த அனுராதா சாஹாவுக்குத் தோல் நோய். கொல்கத்தாவின் ஆம்ரி மருத்துவமனையிலும் பிறகு மும்பையிலும் சிகிச்சை பெற்று, அந்த மே மாதமே இறந்துபோனார். மருத்துவ சேவையும் நுகர்வோர் சட்டத்துக்குள் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 1995இலேயே சொல்லியிருந்தது. அவருடைய கணவர் குணால் சாஹாவுக்கு அது தெரிந்திருந்தது. கொடுக்கப்பட்ட ஸ்டீராய்டின் அளவு தவறு என்பதும் தெரிந்திருந்தது, ஏனென்றால் அவரே மருத்துவர். தேசிய நுகர்வோர் ஆணையம் 2006இல் புகாரைத் தள்ளுபடி செய்தது, அவர் விடவில்லை. 2009இல் உச்ச நீதிமன்றம் சிகிச்சையில் அலட்சியம் நடந்ததை ஏற்றது. 2013 அக்டோபரில் மருத்துவமனையும் மருத்துவர்களுமாகச் சுமார் 5 கோடியே 96 லட்சம் ரூபாயை வட்டியோடு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பானது. போதாக்குறைக்கு அவர் கொல்கத்தாவில் நோயாளிகளுக்காக ஓர் அமைப்பும் தொடங்கி, தமக்குத் தெரிந்ததை மற்றவர்களுக்கும் பரப்பினார். மருத்துவப் படிப்பு, வெளிநாட்டு வேலை, 15 வருடப் பிடிவாதம் எல்லாம் ஒருவரிடமே சேருவது அபூர்வம் என்பதால் நாம் தப்பித்தோம். அவரிடம் இருந்தவற்றில் உங்களால் ஊருக்கே பங்கு போட்டுக் கொடுக்கக்கூடியது சட்ட அறிவு ஒன்றுதான். அதைப் பத்திரமாகப் பூட்டி வையுங்கள்.

படித்தவர்கள் ஒரு நியாயமான மறுப்பைச் சொல்வார்கள். 1988இல் கொல்கத்தாவின் பேஹாலாவில் சமையல் எண்ணெயில் ஒரு தொழிற்சாலை ரசாயனம் கலந்துபோய், நூற்றுக்கணக்கானோர் கைகால் செயலிழந்தார்கள். 2018இல் பஜ்பஜ் குப்பைக் கிடங்கிலிருந்து செத்த விலங்குகளின் இறைச்சி நகரத்து உணவகங்கள்வரை போய்க்கொண்டிருந்தது அம்பலமானது. இதில் வாங்குபவர் விழித்திருந்து என்ன, தூங்கியிருந்து என்ன? விஷத்தைக் கண்ணால் பார்க்க முடியுமா? ஆய்வாளர்கள் செய்ய வேண்டிய வேலையை இல்லத்தரசியின் தலையில் கட்டுவது அநியாயம் அல்லவா? இந்த மறுப்பில் பாதி உண்மை. ஆய்வாளரின் இடத்தை எந்தச் சுவரொட்டியும் நிரப்பாது. மீதிப் பாதியைத்தான் நீங்கள் மூடி மறைக்க வேண்டும். பணம் கட்டி, தான் வாங்கிய உணவுப் பொருளைப் பொதுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கக் கொடுக்கும் உரிமை 1954ஆம் ஆண்டின் கலப்படத் தடைச் சட்டத்திலேயே இருந்தது. பேஹாலாவில் எண்ணெய் விற்றபோது அந்த உரிமைக்கு 34 வயது. 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40ஆவது பிரிவிலும் அது இருக்கிறது. பொருள் விதிப்படி இல்லை என்று பகுப்பாய்வு அறிக்கை சொன்னால் கட்டிய பணம் திரும்பக் கிடைக்கும். சோதிக்கப் போகிறேன் என்று வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும் என்பது விதி. பேஹாலாக் கடையொன்றில் கடுகெண்ணெய் வாங்கும் பத்துப் பேரில் ஒருவர் அப்படிச் சொன்னால் போதும், மீதி ஒன்பது பேருக்கும் நல்ல எண்ணெய் கிடைத்துவிடும். ஆய்வாளரைக்கூடச் சமாளித்துவிடலாம், அடுத்து எந்த வாடிக்கையாளர் வாய் திறப்பார் என்று எப்படிக் கணிப்பது?

சிறு வியாபாரிகள் நொடித்துப் போவார்கள் என்று சிலர் உங்களிடம் கண்ணீர் விடலாம். அவர்களையும் நம்பாதீர்கள். பிழைப்புக்காகத் தானே ஓட்ட வண்டியோ தையல் இயந்திரமோ வாங்குகிறவரையும் நுகர்வோர் சட்டம் நுகர்வோராகவே பார்க்கிறது. விஷயம் தெரிந்தால் அவரும் எதிர்த்தரப்பில் போய் நிற்பார். ஆணையங்கள் திணறிவிடும் என்ற வாதம் இதைவிடப் பொருத்தமானது. ஒரு புகாரை மூன்று மாதத்தில், பரிசோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதத்தில், முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். ஆணையங்களின் காலியிடங்களை அரசுகள் நிரப்பாததைக் கண்டு, இவை வேண்டாமென்றால் சட்டத்தையே நீக்கிவிடுங்களேன் என்று உச்ச நீதிமன்றம் 2021இல் கடிந்துகொள்ள வேண்டியிருந்தது. நாற்காலி காலியாக இருக்கும் அறைக்கு வழி சொல்லிக் கொடுப்பானேன்? வருகிறவர்கள் பெருகினால், அது ஏன் காலியாக இருக்கிறது என்றல்லவா கேட்பார்கள்.

தவிர்க்கவே முடியாமல் எதையாவது சொல்லித்தான் ஆக வேண்டும் என்ற நெருக்கடி வந்தால், கொல்கத்தா டாக்சியை முன்மாதிரியாகக் கொள்ளுங்கள். கதவில் ‘நோ ரெஃப்யூசல்’ என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கும். அதே கதவின் ஜன்னல் வழியாக ஓட்டுநர் ‘ஜாபோ நா’, போகமாட்டேன், என்று சொல்லிவிட்டுப் போவார். பயணி இரண்டையும் கேட்டு, படித்து, அடுத்த வண்டிக்குக் கை நீட்டுவார். உரிமையை எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதுங்கள். மறுத்தால் யாரிடம், எந்த எண்ணில், வண்டியின் எந்த விவரத்தோடு, எத்தனை நாளுக்குள் என்பதை மட்டும் எழுதாதீர்கள். கட்டணமில்லை, வக்கீல் வேண்டாம், சொந்த ஊரிலேயே போடலாம், பில்லைப் பத்திரமாக வை, 1915ஐக் கூப்பிடு: அத்தனையும் ஒரு ரேஷன் கார்டின் பின்பக்கத்தில் வங்காள மொழியிலும் இந்தியிலும் உருதுவிலும் அடங்கிவிடும் என்பதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. உங்கள் அலுவலகத்தில் யாருக்காவது இந்த யோசனை தோன்றியிருந்தால், கோப்பைக் கீழே அனுப்பி, செலவு மதிப்பீடு கேட்டு, மூன்று மொழிகளிலும் எழுத்துப் பிழை பார்க்க ஒரு குழு அமைத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
வாங்கிய எதற்கும் பில் வைத்திராத ஒருவன்